ஆற்று நீச்சல்

என் மேசை இழுப்பறையில் ஆரஞ்சு நிற ரப்பர் நீச்சல் தொப்பி ஒன்று கிடக்கிறது. ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முகப் பவுடர் தூவி வைத்திருக்கிறேன். அதில் கறுப்பு மையில் எழுதியிருக்கும் எண் என்னுடையது அல்ல, என் தங்கை கணவருடையது. என் தொப்பி அவரிடம் இருக்கிறது. பந்தயம் முடிந்த களேபரத்தில் பைக்குள் மாறிப்போனவை. இருவருமே திருப்பிக் கேட்டதில்லை.

தங்கை சீர்காழியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது அங்கே படிக்க வந்தவர் அவர். கடலோரத்து மீனவக் குடும்பம். நாங்கள் வெண்ணாற்றங்கரையில் நெல் போடுகிறவர்கள். அப்பா சம்மதிக்கவில்லை, அவர்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். கம்பெனிகள் ஊர் ஊராக வந்து ஆள் எடுத்த அந்த நாட்களில் நான் சிங்கப்பூருக்குப் போய்விட்டிருந்தேன். கல்யாணத்தை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, ஆதரித்தும் பேசவில்லை. அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயம்தான், வேறொன்றுமில்லை. சில வருடங்களில் அவருக்கும் அங்கே கப்பல் கட்டும் தளத்தில் வேலை கிடைத்து, இருவரும் என் வீட்டிலிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளிக் குடிவந்தார்கள். முறைப்படி அவர் என்னை மச்சான் என்றும், நான் அவரை மாப்பிள்ளை என்றும் கூப்பிட வேண்டும். அவர் என்னை ‘சார்’ என்றார். நான் எதுவுமே சொல்லிக் கூப்பிடாமல், ‘இங்க பாருங்க’ என்று ஆரம்பித்து வருடக்கணக்கில் சமாளித்தேன்.

நாற்பது வயதில் எனக்குச் சர்க்கரை எட்டிப் பார்த்தது. ஆபீசில் சிலர் ஓடிக்கொண்டும் சைக்கிள் மிதித்துக்கொண்டும் இருந்தார்கள், அவர்களோடு சேர்ந்தேன். ஆசை வளர்ந்து, மலேசியக் கடற்கரை ஊர் ஒன்றில் நடக்கும் அரை டிரையத்லானுக்குப் பெயர் கொடுத்தேன். கடலில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீச்சல், தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், அதற்குமேல் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். ஒவ்வொன்றுக்கும் கெடு உண்டு, எல்லாம் பந்தயம் தொடங்கிய நேரத்திலிருந்தே கணக்கு. தாண்டினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். தங்கைக்கு விஷயம் தெரிந்ததும் போன் செய்தாள். “நீ தனியா கடல்ல எறங்கக் கூடாது. அவரும் வருவாரு.” மறுத்துப் பேச இடமே வைக்கவில்லை. அவர் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கித் துடைத்து எண்ணெய் போட்டு, ஆறு மாதம் வேலை முடிந்து வந்து மிதித்தார். அவருக்கும் முடிக்கவேண்டும் என்று ஆசை இருந்தது. முடித்தவர்களுக்குக் கொடுக்கும் பதக்கத்தைத் தன் அம்மாவுக்கு அனுப்ப வேண்டுமாம்.

காலை ஏழு மணிக்கே உடம்பு கசகசத்தது. கடல் குளம் மாதிரி கிடந்தது. தூரத்து மஞ்சள் மிதவையைச் சுற்றிக்கொண்டு திரும்பி வரவேண்டும். வெண்ணாற்றில் நீந்திப் பழகியவன் நான். எதிர்க்கரைப் படித்துறைக்குப் போகவேண்டுமானால் அதற்கு மேலே, தண்ணீர் வரும் பக்கம் இருக்கும் மருதமரத்தைப் பார்த்து நீந்தவேண்டும். நீரோட்டம் இழுத்துவந்து படித்துறையில் சேர்த்துவிடும். ஏழு வயதில் உடம்பில் ஏறிய பழக்கம், நாற்பது வயதில் புத்தி சொன்னால் கேட்குமா? மிதவைக்கு நேராகப் போகாமல் இடப்புறமாக ஏற்றி ஏற்றி நீந்தினேன். இழுத்துவர அங்கே எந்த ஓட்டமும் இல்லை. தலை தூக்கிப் பார்த்தபோது ஆரஞ்சுத் தொப்பிகள் எல்லாம் எங்கோ வலப்பக்கம் போய்க்கொண்டிருந்தன. எனக்கு மூச்சு பதறியது. உப்புத் தண்ணீர் தொண்டைக்குள் போனது.

அவர் மிதவையை நெருங்கியிருந்தார். அங்கிருந்து திரும்பிப் பார்த்தவர், கூட்டத்தை வெட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தார். “மச்சான்! இங்க ஓட்டமே இல்ல மச்சான்! மஞ்சளுக்கு நேரா வாங்க!” என்று கத்தினார். முதல் தடவையாக அந்த வார்த்தையைக் கேட்டேன். அப்புறம் கரை வரைக்கும் என் இடப்பக்கம் ஒட்டியே நீந்தினார். நான் அந்தப் பக்கம் ஒதுங்கினால் அவர் தோளில்தான் முட்டவேண்டும். கெடுவுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது கரையேறினோம்.

சைக்கிளில் நான் முந்திவிட்டேன். இரு பக்கமும் செம்பனைத் தோட்டங்கள் இருந்தும் ரோட்டில் ஒரு சாண் நிழல் இல்லை. நான் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓட ஆரம்பித்துவிட்டேன். அவர் கெடு முடிந்து நான்கு நிமிஷம் கழித்து வந்து சேர்ந்திருக்கிறார். நேரம் கணக்கிடக் காலில் கட்டியிருந்த சிப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டு அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். கடலில் எனக்காகத் திரும்பி வந்ததில் போன நேரம் அந்த நான்கு நிமிஷத்தைவிட அதிகம். இதெல்லாம் தெரியாமல் ஓடிய எனக்கு, ஓட்டத்தின் முதல் சுற்று முடிகிற இடத்தில் அவர் எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்ட தண்ணீரோடு நிற்பதைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. எனக்குத் தாளவில்லை.

“ஏன் திரும்பி வந்தீங்க?” என்றேன்.

“சேந்து போன படக தண்ணில விட்டுட்டு, நாம மட்டும் கரையேற மாட்டோம் எங்க ஊர்ல. நீங்க நிக்காதீங்க, கால் பிடிச்சுக்கும். ஓடுங்க.”

ஓடினேன், நடந்தேன், வாந்தி எடுத்தேன், முடித்தேன். பதக்கத்தை அவரிடம் கொடுத்தபோது வாங்கவில்லை. “அம்மாகிட்ட பொய் சொல்ல முடியாது மச்சான்” என்றார். அன்று மாலை ஊருக்குப் போன் போட்டேன். தனியாகவா கடலில் இறங்கினாய் என்று அப்பா கேட்டார். “இல்லப்பா, மாப்பிள்ளை கூட இருந்தாரு” என்றேன். நடந்ததையும் சொன்னேன். “சரி, வைக்கிறேன்” என்றார்.

அடுத்த ஆவணியில் அவர்களை ஊருக்கு அழைத்துப் போனேன். நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அப்பா வாசலில் ‘வாங்க’ என்றார், அவ்வளவுதான். மறுநாள் காலை எல்லோரும் ஆற்றுக்குப் போனோம். மேட்டூர்த் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அவர் பையிலிருந்து என் எண் எழுதிய தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, எதிர்க்கரைப் படித்துறையை நேராகப் பார்த்தபடி நீந்தத் தொடங்கினார். கடல்காரர் அல்லவா, பாதி ஆறு போவதற்குள் ஓட்டம் அவரைக் கீழே தள்ளிக்கொண்டு போனது. நான் பின்னாலேயே குதித்துவிட்டேன்.

கரையில் பல்குச்சியோடு நின்றிருந்த அப்பா, வேட்டி நனைவது தெரியாமல் இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். அவர் குரல் என்னைத் தாண்டிப் போனது.

“மாப்ள! மேல ஏத்தி வாங்க! மருதமரத்தப் பாருங்க மாப்ள!”

ஆரஞ்சுத் தொப்பி தண்ணீருக்கு மேலே எழும்பி, மரம் இருந்த பக்கம் திரும்பியது.