பூட்டை எண்ணுங்க, சார்!

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை, எங்கள் தெருவுக்கு ஓர் அதிகாரி வந்தார். 'இங்கே மக்கள் வசிக்கிறார்களா?' என்று ஆய்வு செய்ய! வந்த நேரம் காலை பதினொன்று. தெருவில் ஒரு முகம் இல்லை.

சங்கரன்கோவிலை ஒட்டிய புது மனைப்பிரிவு எங்களுடையது. நான் வீடு கட்டி வந்தபோது சுற்றிலும் கருவேல முள்தான். இன்றைக்கு நான்கு தெரு நிறைய வீடுகள். ஆனாலும் மினி பஸ் இரண்டு கிலோமீட்டருக்கு முன்னாலேயே திரும்பிப் போய்விடும். ஏன்? ஆபீஸ் பதிவேட்டில் இது இன்னும் தரிசு. (எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள்... எனக்கு அங்கே இன்னும் காரியம் ஆக வேண்டியிருக்கிறது.)

எதிர்வீட்டு முப்பிடாதி, குருவிகுளம் பக்கத்து மானாவாரிக் கிராமத்திலிருந்து மகளின் படிப்புக்காகவே இங்கே குடிவந்தவர். தறி ஷெட்டில் வேலை. மகள் பிளஸ் ஒன். பஸ்ஸைப் பிடிக்க முள்காட்டு வழியே தனியாக நடப்பாள். ஒருநாள் இரண்டு பேர் பைக்கில் பின்னாலேயே வந்திருக்கிறார்கள். அழுதுகொண்டே வீடு திரும்பினாள். "படிச்சது போதும்" என்று முப்பிடாதியின் கணவர் சொல்லிவிட்டார்.

"பஸ் வார வரைக்கும் நான் கூட நடக்கேன். படிப்பை நிறுத்தச் சொல்லாதீங்க" என்றார் முப்பிடாதி. அடுத்து என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, பஸ் கேட்டு ஒரு மனு எழுதித் தாங்க."

"எழுதுதேன். ஆனா நடக்குமா?"

"நீங்க எழுதுங்க. நடக்க வைக்கது என் பாடு."

மூன்றாவது மனுவுக்குத்தான் அந்த அதிகாரி வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கித் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். எல்லா வீட்டிலும் பூட்டு. லீவு போட்டுக் காத்திருந்த முப்பிடாதியும், வெட்டியாக வீட்டிலிருக்கும் நானும்தான் நின்றோம்.

"என்னம்மா, ஆளே இல்லையே... யாருக்கு பஸ்?"

போச்சு என்று நினைத்தேன். முப்பிடாதி அசரவில்லை.

"பூட்டை எண்ணுங்க, சார்."

"என்னது?"

"ஒவ்வொரு பூட்டும் ஒரு குடும்பம், சார். வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயிருக்காவ. வாங்க, காட்டுதேன்."

விடவில்லை. வெயிலில் வீடு வீடாக அவரை நடக்க வைத்தார். "இவிய சிவகிரிப் பக்கம், பழக்கடை வச்சிருக்காவ. அந்தப் பச்சை கேட்டு வீடு கடையநல்லூர்க்காரவ. அவரு கல்ஃப்ல, அந்த அக்கா டீச்சரு. இங்கன அண்ணன் தம்பி ரெண்டு பேரும் தறிக்குப் போறாவ..."

மூன்றாவது தெருவில் அதிகாரி கைக்குட்டையை எடுத்தார்.

"காலையில எட்டு மணிக்கு வந்து பாருங்க, சார்."

"எங்களுக்கு ஆபீஸ் பத்து மணிக்குத்தாம்மா."

"ஜனம் எட்டு மணிக்குல்லா இருக்கு!"

அவர் ஜீப்பில் ஏறிக்கொண்டார். ஜீப் போய்விட்டது. நான் முப்பிடாதியின் முகத்தைப் பார்க்கக் கூசினேன். அவரோ, "மனுவுல இன்னொரு நகல் எடுத்து வையுங்க, அண்ணாச்சி" என்றார்!

மறுநாள் காலை எட்டு மணி. தெருமுனையில் ஒரு பைக் நின்றது. அதே அதிகாரி — தனியாக. யூனிஃபார்ம் பிள்ளைகள், டிபன் கேரியர் பெண்கள், அவசரமாக நடக்கும் ஆண்கள்... எல்லாரும் அவரைக் கடந்து போனார்கள். மகளோடு முப்பிடாதியும் போனார். அதிகாரி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார்.

ஜனத்தொகை கூடுகிறது என்றதும் நமக்குப் பிரசவ வார்டுதான் நினைவுக்கு வருகிறது. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பிள்ளை, மிஞ்சினால் இரண்டு. இங்கே பிறந்து பெருகியவர்களைவிட, வந்து பெருகியவர்களே அதிகம். மழை பொய்த்த கிராமங்களிலிருந்து, ஒரு நல்ல பள்ளிக்கூடத்தைத் தேடி. ஊர் வளர்வது பதிவேட்டுக்குத் தெரிய நாளாகும். அதுவரை? யாராவது ஒருத்தர் விடாப்பிடியாகக் கூட்டிப் போய்க் காட்ட வேண்டும்.

இந்தத் திங்கட்கிழமை மினி பஸ் எங்கள் தெருமுனைவரை வந்தது. முப்பிடாதியின் மகள் முதல் ஆளாக ஏறினாள். கடைசி ஆள் நான்.

உட்கார இடமில்லை — என்ன ஒரு நிம்மதி!