கேட்காமல் விட்ட பதிவு இலக்கம்

மேனுகா கல்வி அலுவலகத்தில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறாள். ஆசிரியர் நியமனத்துக்கு வரும் சான்றிதழ்களைச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு. முத்திரை கொஞ்சம் மங்கியிருந்தாலும் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போட்டுவிடுவாள்.

அவள் கணவன் ரதீஸ் வயரிங் வேலை செய்தவன். போன வருடம் சித்தாண்டியில் வேலை முடித்து வரும்போது, வீதியில் படுத்திருந்த மாட்டில் மோட்டார் சைக்கிள் மோதித் தலையில் அடிபட்டது. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலிப்பு வராமலிருக்கத் தினமும் போட மாத்திரையும் தந்தார்கள். ஆனால் நாவற்குடா வீட்டுக்குத் திரும்பியது பழைய ரதீஸ் இல்லை. சாப்பிட்டதை மறந்து மறுபடி சோறு கேட்பான். இப்போதுதானே சாப்பிட்டீர்கள் என்றால் கோப்பை பறக்கும். ஏழு வயது மகள் பிரஷாந்தி அலுமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள்.

மூளை பாதிப்பைச் சோதிக்கும் உளவியல் நிபுணரிடம் காட்டச் சொன்னார் டாக்டர். அப்படிப்பட்டவர்கள் கொழும்பில்தான் இருந்தார்கள், நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் டவுனில், 'நரம்பியல் உளவியல் நிபுணர்' என்ற பலகை மேனுகாவின் கண்ணில் பட்டது. உள்ளே சுவர் நிறையச் சான்றிதழ்கள். ஒன்றைக்கூட அவள் வாசிக்கவில்லை. தன் கதையைப் பொறுமையாகக் கேட்கும் ஒரு மனிதர் முன்னால் உட்கார்ந்ததும் அழுகைதான் வந்தது.

மூன்றாம் தடவை போனபோது அவர், "இந்த வலிப்புக் குளிசைதான் மூளைய மந்தமாக்குது. நிப்பாட்டுங்க," என்றார். மாத்திரையை நிறுத்தினாள். பதினோராம் நாள் ரதீஸ் குளியலறையில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு கிடந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை வலிப்பு நிற்கவில்லை.

"ஆரு குளிசைய நிப்பாட்டச் சொன்ன?" என்று கேட்டார் டாக்டர். பெயரைச் சொன்னாள்.

"அவர்ர பதிவு இலக்கம் தெரியுமா?"

மேனுகா அதைக் கேட்டதே இல்லை.

மறுநாள் அங்கே போய்ச் சுவரில் இருந்த சான்றிதழ்களை வாசித்துக் குறித்துவந்து விசாரித்தாள். சான்றிதழில் இருந்த பல்கலைக்கழகத்தில் அப்படி ஒருவர் படித்ததே இல்லை. மருத்துவச் சபையின் பதிவேட்டிலும் பெயர் இல்லை. மறுபடி போய் அவரிடமே கேட்டாள்.

"இவ்வளவு நாளா ஒருத்தரும் இதக் கேக்கல்லயே, மிஸ்," என்றார் அவர்.

"ஓம். நானும் கேக்கல்ல."

பொலிசில் முறைப்பாடு கொடுத்தாள். அவர்கள் போய்ப் பார்த்தபோது பலகையும் இல்லை, ஆளும் இல்லை.

கொழும்பு நிபுணரின் பதிவு இலக்கத்தை முதலிலேயே கேட்டு, பதிவேட்டில் பார்த்த பிறகுதான் ரதீஸைக் கூட்டிப் போனாள். தமிழ் பேசும் பெண். இரண்டு நாள் சோதித்தார். "இனி வயரிங் வேலை ஏலாது. பிள்ளைய இவரோட தனிய விட வேண்டாம்," என்றார்.

"அந்த வலிப்பாலயா இப்படி?"

"விபத்தால எவ்வளவு, வலிப்பால எவ்வளவு எண்டு பிரிச்சுச் சொல்ல ஏலாது. வலிப்பால இல்லையெண்டும் சொல்ல மாட்டன்."

பிரஷாந்தி இப்போது பெரியகல்லாற்றில், மேனுகாவின் அக்கா வீட்டில் வளர்கிறாள். மகள் எங்கே என்று ரதீஸ் கேட்பான். உண்மையைச் சொன்னால் குலுங்கி அழுவான். அரை மணி நேரத்தில் மறந்து மறுபடி கேட்பான், அதே அழுகை. இப்போதெல்லாம் மேனுகா, "பள்ளிக்கூடம் போயிருக்கா," என்று சொல்லிவிடுகிறாள்.