ஆணித்துளை போட்ட டப்பா

சூளைக்குத் தீ வைப்பது ஆண் கையா பெண் கையா என்று நெருப்புக்குத் தெரியுமா? தெரியும் என்றுதான் ஒரு செங்கல் சூளை முதலாளி நம்பியிருந்தார். அதனால் அங்கே பெண்களுக்குச் சுமக்கும் வேலைதான்; பஞ்சக்கா பதினான்கு வருடம் தலையில் கல் சுமந்தாள்.

பஞ்சு, நார் என்று கண்டதையெல்லாம் பொறுக்கி மடியில் முடிந்துகொள்வதால் அந்தப் பட்டப்பெயர். கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனிச் சுமக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரம் சூளைக்குத் தீ மூட்டும் கைராசி அண்ணன், வேலையை விட்டுத் தன் மகள் வீட்டோடு போகப்போவதாகச் சொன்னார். பஞ்சக்கா அந்த வேலையைக் கேட்டாள். பெண் கை சூளைக்கு ராசியில்லை என்றார் முதலாளி. கல் சுமந்தபோது அந்த ராசி எங்கே போயிருந்ததோ!

அவளிடம் மூடியில் ஆணித்துளை போட்ட தகர டப்பா ஒன்று உண்டு. பழைய பருத்தித் துணியை அதில் அடைத்துத் தணலில் வைப்பாள். துளையில் புகை வருவது நின்றதும் எடுத்து, ஆறிய பிறகே திறப்பாள். துணி எரியாமல் கருகியிருக்கும். ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். அதைப் பார்த்து கைராசி அண்ணனும் தன் பழைய சட்டையைக் கருக்கினார். அது பாலியெஸ்டர். உருகி மூடியோடு ஒட்டிக்கொண்டது.

"கையில ராசி இருந்து என்ன அண்ணே, சட்டையில பருத்தி இல்லையே" என்றாள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

பிறகு ஒன்பது நாள் மழை. சூளையில் அடுக்கிய, இன்னும் சுடாத பச்சைக் கற்கள் ஈரம் குடித்தன. ஒன்பதாம் நாளே தீ வைக்காவிட்டால் அடுக்கு சரிந்துவிடும். தீக்குச்சி மருந்து உரசும்போதே உதிர்ந்தது. கடைக்குப் போகும் பாதையில் இடுப்பளவு தண்ணீர். கைராசி அண்ணன் இரண்டு பெட்டியைக் காலி செய்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பஞ்சக்கா மடியிலிருந்து டப்பாவை எடுத்தாள். உடைந்த அரத்தில் சக்கிமுக்கிக் கல்லை மூன்று தரம் தட்டினாள். கரித்துணியில் ஒரு பொறி விழுந்து, சிவப்பு வளையமாகப் பரவியது. நார்ப்பந்தில் பொதிந்து ஊதினாள். புகை வந்தது, பின்னே தீ.

"முதலாளி, இனிமே இவங்களே வைக்கட்டும்" என்றார் கைராசி அண்ணன்.

மூன்று வருடமாகக் கூரைக்கடியில், முக்காலியில் உட்கார்ந்து நிம்மதியாக வேலை பார்க்கிறாள். கழுத்து வலி குறைந்திருக்கிறது. இப்போது முதலாளி, வருகிறவர்களிடமெல்லாம் அவள் கை ராசியான கை என்கிறார். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வாள்:

"ராசி இல்லைங்க. காஞ்ச துணி."

நீங்கள் அந்தப் பக்கம் போனால் தயவுசெய்து அவள் கையைப் புகழாதீர்கள். டப்பாவைத் திறந்து காட்டச் சொல்லி, கற்றுக்கொண்டு வாருங்கள்.