காலி நாற்காலி பார்த்த நாற்பத்தைந்து முறை

எங்கள் விளம்பர நிறுவனத்தில் அவளுக்கு ஒட்டடை என்று பெயர். எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் ஒட்டடைக் குச்சி மாதிரி மூலை முடுக்கெல்லாம் துழாவுவாள் என்று நாங்கள் வைத்த பட்டப்பெயர். பதினோரு வருடம் என் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, எந்த இணையதளத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கணவன் விட்டுப் போய்விட்டான். மகள் பத்தாம் வகுப்பு. வீட்டுக்கு இந்தச் சம்பளம் ஒன்றுதான்.

மேலாளருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. எனக்கு மேலாளரைக் கண்டாலே ஆகாது. அந்த ஆள் ஒரு துணிக்கடை முதலாளியிடம் முன்கூட்டியே வாயை விட்டிருந்தார்: புதிய சமூக வலைத்தளம் பழையதை முந்திவிட்டது, விளம்பரத்தை எல்லாம் அங்கே மாற்றுங்கள் என்று. அதற்குத் தோதாக அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போடவேண்டியது ஒட்டடையின் வேலை.

வரைபடத்தில் புதிய தளத்தின் கோடு ஜிவ்வென்று ஏறியது, பழையதன் கோடு சரிந்தது. அவள் நம்பவில்லை. பழைய தளத்தின் ஆட்கள் செல்போன் செயலிக்கு மாறிவிட்டார்கள், இந்தக் கணக்கோ பிரவுசர் வழியாக வருபவர்களை மட்டும் எண்ணுகிறது என்று கண்டுபிடித்தாள். அதோடு விட்டாளா? புதிய தளத்தில் துணிக்கடையின் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்து எண்ணிக்கையைப் பார்த்ததும் மேலாளரைக் கூப்பிட்டாள்.

"சார், முக்கால் மணி நேரத்துல நாப்பத்தஞ்சு தடவ பாத்ததா காட்டுது. அந்தப் பக்கம் நிமிஷத்துக்கு ஒரு தடவ தானா ரீலோட் ஆகுது. பாத்தது யாரு? என்னோட காலி நாற்காலி!"

நான் சிரித்துவிட்டேன். மேலாளர் சிரிக்கவில்லை.

"ஊர்லயே உனக்கு மட்டும்தான் மூளை இருக்கா? கோடு ஏறுதா இல்லையா?"

"கோடு ஏறுது சார். ஆள் ஏறல."

"கையெழுத்து போடு. இல்லன்னா கெளம்பு."

அவள் முகம் வெளுத்துவிட்டது. என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நீங்களும்தான் பாத்தீங்க. ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் அவள் டிபன் பாக்ஸையும் குடையையும் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

அறிக்கை அன்று மாலையே துணிக்கடைக்குப் போயிற்று. கீழே கையெழுத்துப் போட்டவன் நான். இன்றைக்கும் டீ குடிக்கும்போது மேலாளரை வாய் ஓயாமல் திட்டுகிறேன். எல்லோரும் என்னைத் தைரியசாலி என்கிறார்கள்.