அடி அறுபட்ட கொம்பு

அப்போது கத்திகளுக்குப் பிடி போடுவது என் தொழில். குளத்தூர்க் கடைவீதியில் சின்னப் பட்டறை. மான்கொம்புப் பிடி வேண்டுமென்றால் என்னைத் தேடித்தான் வருவார்கள். சிலர் கொம்பை வழவழவென்று அரத்தால் இழைத்துவிடுவார்கள். எனக்கு அது அறவே பிடிக்காது. கொம்பில் ஓடும் வரியும் மேடுபள்ளமும் அப்படியே இருந்தால்தான் ஈரக் கையிலும் கத்தி வழுக்காது.

அதைவிட முக்கியம் கொம்பின் அடியில் இருக்கும் குமிழ். மான் தானாக உதிர்த்த கொம்பென்றால் குமிழோடு முடிந்துவிடும். கொன்று எடுத்ததென்றால் குமிழுக்குக் கீழே மண்டையெலும்பு ஒட்டியிருக்கும். காடு சமஸ்தானத்துடையது. மானைக் கொன்றவனோடு கொம்பை வாங்கியவனும் ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான். அடியை அறுத்துவிட்டால் எந்த வகை என்று தெரியாது; அதனால் குமிழில்லாத கொம்பை நான் தொடவே மாட்டேன். அறுத்தெடுத்த குமிழ்களைக் கம்பியில் கோத்து, காட்டுக் காவலர் கண்ணில் படும்படி பட்டறை வாசலில் தொங்கவிட்டிருந்தேன்.

ஒருநாள் என் மனைவியின் தம்பி குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து சாக்கில் சுற்றிய கொம்போடு வந்தான். அருமையான வரி. அடி மட்டும் ரம்பத்தால் அறுபட்டிருந்தது.

"குமிழ் எங்கடா?"

"ஆத்தாவுக்கு நெஞ்சுவலி மச்சான். ஒரசிப் பூசணும்னு அறுத்து வச்சிருக்கோம்."

கொம்பை உரசிப் பூசுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் அதற்கு எந்தத் துண்டும் ஆகும். கிளை நுனி இருக்க, கெட்டியான அடியையா கஷ்டப்பட்டு அறுப்பார்கள்?

"கொம்பு எங்க கெடந்துச்சு?"

"காட்டு ஓரத்துல."

"எந்த ஓரம்?"

அவன் கூரையைப் பார்த்தான். நான் கொம்பைச் சாக்கோடு அவன் கையில் திணித்து அனுப்பிவிட்டேன்.

"எந்தம்பின்னா ஒங்களுக்கு எளக்காரம்" என்றாள் மனைவி. அன்று ராத்திரி குழம்பில் உப்பில்லை. மறந்துபோய் விட்டாள் என்று நான் நம்பவில்லை.

அடுத்த வாரம் காட்டுக் காவலர் வந்தார். வழக்கமாக வாசல் கம்பியைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அன்று உள்ளே வந்து பெட்டியைக் கவிழ்த்து, ஒவ்வொரு பிடியாகத் திருப்பிப் பார்த்தார். எதுவும் அகப்படவில்லை. படியிறங்கும்போது கேட்டார்: "ஒங்க மாமியா வீடு எந்த ஊருங்க?"

எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். மச்சினன் எங்கோ வாயை விட்டிருக்கிறான் என்று உறுதியாகத் தோன்றியது.

மறுநாள் விடிந்ததும் மாமியார் வீட்டுக்குக் கிளம்பிப் போனேன். மச்சினன் இல்லை. நான் வருவது தெரிந்து நழுவியிருப்பான். மாமியார் பாயில் படுத்திருந்தார். பக்கத்தில் உரைகல், அதன்மேல் அந்தக் குமிழ். எடுத்துத் திருப்பினேன். கீழே கட்டைவிரல் நீளத்துக்கு மண்டையெலும்பு வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அத்தை சிரமப்பட்டு எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"வாங்க மாப்ள. ஒங்க புண்ணியத்துல வலி கொறஞ்சிருக்கு. இந்தக் கொம்பு நீங்க குடுத்துவிட்டதுன்னு மகன் சொன்னான். என்னையப் பாக்க வந்த அத்தன பேருகிட்டயும் சொல்லிட்டேன். முந்தாநாள் காட்டுக் காவக்காரரு தண்ணி கேட்டு வந்தாரு. அவருகிட்டயும் எடுத்துக் காட்டி, எங்க மாப்ள குடுத்ததுன்னு பெருமையாச் சொன்னேன்."