சுடலைமணி குடும்பத்தார் நாசோவில் இறங்கிய நாள்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஆட்டோ ஓட்டும் சுடலைமணிக்கு எந்த ஊரையும் நாலு மணி நேரத்தில் காட்டி முடித்துவிட முடியும் என்ற நம்பிக்கை உண்டு. இருபத்தாறு வருஷமாக அதுதான் அவர் பிழைப்பு. மழை விட்டு அக்டோபர் பிறந்தால் துறைமுகம் இருக்கிற வெல்லிங்டன் ஐலண்டில் சுற்றுலாக் கப்பல்கள் வந்து நிற்கும். காலையில் இறங்குகிற வெள்ளைக்காரர்கள் சாயங்காலம் திரும்ப ஏறிவிட வேண்டும். அதற்குள் அவர்களுக்குக் கொட்டாரம் என்கிற பழைய அரண்மனை, சினகாக் என்கிற யூதர் கோயில், சீன மீன்வலை, இஞ்சி மண்டி எல்லாம் காட்டி, நடுவில் ஒரு பெரிய துணிக்கடைக்குள்ளும் கொண்டுபோய் விடுவார். கடைக்காரர் ஆள் கொண்டுவருகிற டிரைவருக்கு ஒரு டி-ஷர்ட் கொடுப்பார். சுடலைமணியின் வீட்டில் தரை துடைப்பதுகூட அந்த டி-ஷர்ட்டால்தான்.

துணிக்கடைக்கு ஆள் வர மறுத்தால் அவரிடம் ஒரு பொய் இருந்தது. "பேலஸ் டுடே குளோஸ்டு சார்." இதை அவர் எவ்வளவு வருத்தமான முகத்தோடு சொல்வார் என்றால், ஒரு ஜெர்மன்கார அம்மாள் அவர் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னாள்.

அவருடைய ஒரே மகள் சங்கரி, கேட்டரிங் படித்துவிட்டு ஒரு அமெரிக்கக் கப்பலில் சாப்பாட்டுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கரீபியன் கடலில் தீவு தீவாகப் போகிற கப்பல் அது. நாலு மாதத்தில் பதினொரு துறைமுகம் பார்த்தாள், எல்லாவற்றையும் கப்பலின் வட்ட ஜன்னல் வழியாக. கப்பல் கரையில் நிற்கும்போதெல்லாம் அவளுக்கு டூட்டி விழுந்தது.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிட்டாள். "அப்பா, வர்ற வியாழக்கிழமை எனக்கு மூணு மணி நேரம் லீவு. பஹாமாஸ்ல, நாசோன்னு ஒரு ஊரு. காலை எட்டரைக்கு இறங்கி பதினொன்னரைக்குள்ள ஏறிடணும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா வசந்தி, "நாங்களும் கூட வாறோம்டி. வீடியோவுல காட்டு" என்றாள். அங்கே எட்டரை என்றால் இங்கே சாயங்காலம் ஆறு மணி. எல்லாருக்கும் வசதியான நேரம்.

வசந்தி அதை ஒரு ஆசையில் சொன்னாள். சுடலைமணி அதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டார்.

அது மழைக்காலம். கப்பலும் இல்லை, சவாரியும் இல்லை. நாலு நாள் அவர் ஸ்டாண்டில் ஆட்டோவின் பின் சீட்டில் படுத்துக்கொண்டு நாசோவைப் பற்றி யூடியூபில் வந்த வீடியோவெல்லாம் பார்த்தார். "கோட்டை இருக்கு, பழைய கட்டடம் இருக்கு, மார்க்கெட் இருக்கு, கடல் இருக்கு. நம்ம கொச்சிதான், பேரு மட்டும் வேற" என்று மற்ற டிரைவர்களிடம் சொன்னார். புதன்கிழமை ஒரு நோட்டுத்தாளில் பதினாலு இடம் கொண்ட திட்டம் தயாரானது. அவருக்குத் தமிழை விட மலையாளம் வேகமாக எழுத வரும். வசந்தி சங்கரன்கோவில்காரி, தமிழ்தான் படிப்பாள். ஆகவே அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது.

"எட்டு நாப்பத்தஞ்சு, பாறையில வெட்டின அறுபத்தாறு படிக்கட்டு. ஏற எட்டு நிமிஷம், இறங்க அஞ்சு. ஒம்பது பத்து, கோட்டை. ஒம்பதரை, ரோஸ் கலர் பார்லிமெண்ட், வெளியில நின்னு போட்டோ. ஒம்பதே முக்கால், ஓலை மார்க்கெட்..."

"ஓலை மார்க்கெட்ல என்ன விக்காங்க?"

"ஓலைப்பெட்டி, ஓலைத்தொப்பி, ஓலைப்பை."

"அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்? எங்க ஊருச் சந்தையில கிடக்கு."

சுடலைமணி காதில் வாங்கவில்லை. "பத்து அம்பத்திரண்டுலேர்ந்து பத்து அம்பத்தாறு வரைக்கும், கடல்."

"கடலுக்கு நாலே நிமிஷமா?"

"கால் நனைக்க ரெண்டு, துடைக்க ரெண்டு."

தாளை போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினார். சங்கரி ஒரு வரி பதில் போட்டாள்: "அப்பா, எனக்குக் கொஞ்சம் சும்மா உக்காரணும்." அதற்கு அவர், "ஒன்பது நாற்பதுக்கு இரண்டு நிமிடம் பெஞ்ச் இருக்கிறது" என்று எழுதி அனுப்பினார்.

வியாழக்கிழமை நாலு மணிக்கே வீட்டில் புறப்பாடு ஆரம்பித்துவிட்டது. சுடலைமணியின் அக்கா முப்பிடாதி அடுத்த வாசலில் இருக்கிறாள். கார்ப்பரேஷன் துப்புரவு வேலையிலிருந்து ரெண்டு வருஷத்துக்கு முன்தான் ஓய்வு பெற்றவள். பட்டுச்சேலை கட்டி, பவுடர் போட்டு, கைப்பையோடு வந்து நின்றாள்.

"எங்க மைனி போறீங்க?" என்றாள் வசந்தி.

"வெளியூர் போறோம்லா. பழைய சேலையோடவா போறது?"

வசந்திக்கு அதைக் கேட்டதும் தானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். அடுக்களைக்குப் போய்ப் புளியோதரை கிளறி, அப்பளம் பொரித்து, வாழையிலையில் நாலு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தாள். முன்னறைக்கும் அடுக்களைக்கும் நடுவே ஆறடி தூரம்கூட இல்லை. "வெளியில போனா பசிக்கும்" என்றாள்.

பக்கத்துத் தெருவில் மொபைல் கடை வைத்திருக்கும் பிரதீஷ் வந்து, போனில் வருகிற படத்தை டிவியில் தெரியும்படி செய்து கொடுத்தான். "செரி, ஞான் போட்டே சேட்டா" என்று கிளம்பப் பார்த்தான். புளியோதரை வாசனை வந்ததும் போகாமல் உட்கார்ந்துவிட்டான். ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது முப்பிடாதி எழுந்து, "இறங்குனப்புறம் இடம் கிடைக்குமோ என்னமோ" என்று பாத்ரூம் போய்விட்டு வந்தாள்.

சரியாக ஆறுக்கு சங்கரி டிவியில் வந்தாள். வெளியே மட்டாஞ்சேரித் தெருவில் மழை கொட்டுகிறது. டிவியில் வெயில் பளீரென்று அடிக்கிறது. முப்பிடாதி கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"மெலிஞ்சிட்டியேடி" என்றாள் வசந்தி.

"பேச நேரமில்ல. நட மோளே, எட்டே நாப்பத்தஞ்சுக்குப் படிக்கட்டு" என்றார் சுடலைமணி.

துறைமுக கேட்டுக்கு வெளியே டாக்சிக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். பூப்போட்ட சட்டையும் கம்பீரமான தொப்பையுமாக ஒருவர் சங்கரியிடம் வந்தார். எங்கே போக வேண்டும் என்று கேட்டார். அவள் படிக்கட்டு என்றாள். அந்த மனிதரின் முகம் வாடியது. மிகவும் வருத்தத்தோடு, படிக்கட்டு இன்று பூட்டியிருக்கிறது, ரிப்பேர் வேலை, அதனால் முதலில் ஒரு நல்ல கடைக்குக் கூட்டிப்போகிறேன், ரம் கேக் வாங்கலாம், பார்ப்பதற்குக் காசு இல்லை என்றார்.

மட்டாஞ்சேரியில் சுடலைமணி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"பொய்! அக்கா, இது என் பொய்! அந்த முகத்தப் பாரு, அதும் என் முகம்!" பிறகு டிவியைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "மை டியர் பிரதர்! ஐ ஆல்சோ டிரைவர்! கொச்சி! ஸ்டெப்ஸ் நாட் குளோஸ்டு!"

அந்த மனிதர் சுற்றும் முற்றும் பார்த்தார். சங்கரி போனைத் திருப்பிக் காட்டினாள். திரைக்குள் ஒரு வழுக்கைத் தலையும், பட்டுச்சேலையும், இலைப் பொட்டலங்களும் தெரிந்தன. டாக்சிக்காரர் ஒரு கணம் முழித்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். "நீ ஆளுங்ககிட்ட என்ன பூட்டியிருக்குன்னு சொல்லுவே?" என்று கேட்டார்.

"பேலஸ்" என்றார் சுடலைமணி.

"அரண்மனையையா! நான் சின்ன ஆளு, வெறும் படிக்கட்டு" என்று அவர் மரியாதையாகத் தலைகுனிந்தார். தன் பெயர் ரோல் என்றார்.

"என்ன பேரு?" என்றாள் முப்பிடாதி.

"ரோல்."

"முட்டை ரோலா?"

அதற்குப் பிறகு நடந்ததை சங்கரியின் பக்கத்திலிருந்துதான் பார்க்க வேண்டும். போனைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கிறாள். ரெண்டு டிரைவர்களும் பேசுகிறார்கள். கப்பல் வராத மாதம் என்ன செய்கிறாய்? கடைக்காரன் உனக்கு என்ன கொடுக்கிறான்? டி-ஷர்ட்டா, எனக்கும் டி-ஷர்ட்தான்! எந்த நாட்டுக்காரர் பேரம் பேசாமல் ஏறுவார்? ரோல் தன் வேனின் கதவுகளையெல்லாம் திறந்து மூடிக் காட்டினார். சுடலைமணி வசந்தியின் போனைப் பிடுங்கி அதிலிருந்தும் அதே வாட்ஸ்ஆப் அழைப்பில் சேர்ந்து, மழையில் ஓடிப்போய் ஆட்டோவின் ஹெட்லைட்டைப் போட்டுக் காட்டினார். ஒருவர் நம்பரை ஒருவர் வாங்கிக்கொண்டார்கள்.

"அப்பா" என்றாள் சங்கரி. "மணி ஒம்பதே முக்கால். நான் இன்னும் கேட்டுலேயே நிக்கேன்."

சுடலைமணி நோட்டுத்தாளைப் பார்த்தார். அஞ்சு இடம் போய்விட்டது. படிக்கட்டை நாலு நிமிஷத்தில் ஏறினால் மிச்சத்தைப் பிடித்துவிடலாம் என்று ஆரம்பித்தார். வசந்தி தாளை அவர் கையிலிருந்து வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"உனக்கு எங்கடி போணும்?"

"கடல்கிட்ட."

"அப்ப அங்க போ."

ரோல் காசு வாங்காமல் அவளைக் கடற்கரையில் கொண்டுபோய் விட்டார். டிரைவர் மகளிடம் வாங்கினால் பாவம் என்றார்.

கடற்கரையில் ஒரு சின்னக் கடை. கடைக்காரர் ஒரு பெரிய சங்கை எடுத்துச் சுத்தியலால் ஓட்டை போட்டு, உள்ளே இருந்த சதையை இழுத்து நறுக்கி, வெங்காயம், தக்காளி, மிளகாய் போட்டு எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தார். சங்கரி வாங்கினாள்.

"ஏட்டி, சங்கையா திங்கப் போறே?" முப்பிடாதி பதறிப்போனாள். "ஆளு போனா சங்கு ஊதுவாங்க. இங்க ஆளு இருக்கும்போதே தின்னுருதாங்களா?"

"நல்லா இருக்கு அத்தை. கணவா மீன் மாதிரி இருக்கு. காரமா இருக்கு."

"காரமா இருந்தாச் சரி" என்று முப்பிடாதி சமாதானமானாள்.

சங்கரி கடலில் முழங்கால் வரை நின்றாள். நாலு நிமிஷத்துக்கும் மேலே நின்றாள். யாரும் கடிகாரத்தைப் பற்றிப் பேசவில்லை. பிறகு மணலில் துண்டை விரித்து உட்கார்ந்து, அப்பாவின் யோசனைகளைக் கேட்டுச் சலித்து, போனின் சத்தத்தை முழுவதும் குறைத்துப் பக்கத்தில் வைத்தாள். டிவியில் வானம் மட்டும் தெரிந்தது. நீலமாக ஒரு பெரிய வானம். சற்று நேரத்தில் மெல்லிய குறட்டை கேட்டது.

"தூங்கிட்டா" என்றாள் வசந்தி.

"நாசோவுக்குப் போயி தூங்குதாளே" என்றார் சுடலைமணி.

"சத்தம் போடாதீங்க. பிள்ளை தூங்குது."

அவர்கள் பொட்டலத்தைப் பிரித்துச் சத்தமில்லாமல் சாப்பிட்டார்கள். பிரதீஷ் அப்பளத்தை வாயில் வைத்து ஊறவைத்துத் தின்றான், கடித்தால் சத்தம் வரும் என்று. ஒரு பறவை வானத்தின் குறுக்கே போனது. நாலு பேரும் மூச்சுக்குள், "ஆ, பறவை" என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு மேகம் வந்தது. அதையும் பார்த்தார்கள். மகள் மூச்சு விடுகிற சத்தம் அறை முழுக்க இருந்தது. சுடலைமணி கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவளை அவ்வளவு பக்கத்தில் கேட்டு நாலு மாதமாகிவிட்டது.

எட்டரை மணிக்கு அவருக்கு உறைத்தது. அங்கே பதினொன்று! எழுப்ப வேண்டும் என்றார். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றாள் வசந்தி. அஞ்சு நிமிஷம் பதினைந்தானது.

அப்புறம் எல்லாருமாகக் கத்த ஆரம்பித்தார்கள். "சங்கரி! எந்திரி! கப்பலு!" டிவியில் வானம் அசையவில்லை. முப்பிடாதி அடுக்களையிலிருந்து ஒரு தட்டை எடுத்துவந்து கரண்டியால் அடித்தாள். பிரதீஷ் விசிலடித்தான். மேல்மாடியில் குடியிருக்கும் நல்லசிவம், வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று நினைத்து வாளியோடு ஓடி வந்தார். நிலைமையைக் கேட்டதும் அவரும் வாளியைத் தட்டினார். சத்தத்தைக் குறைத்து வைத்த போனுக்குள் இதெல்லாம் எப்படிக் கேட்கும்?

சுடலைமணி வசந்தியின் போனிலிருந்து ரோலுக்கு அடித்தார். ரோல் ஆறு அமெரிக்கர்களை ஏற்றிக்கொண்டு கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் வண்டியைத் திருப்பினார். அவர்களிடம், கோட்டை பத்து நிமிஷம் பூட்டியிருக்கும், அதற்குள் அழகான ஒரு கடற்கரை காட்டுகிறேன் என்று சொன்னது போனில் தெளிவாகக் கேட்டது. சுடலைமணி பெருமிதத்தோடு தலையாட்டினார்.

திடீரென்று டிவியில் வானம் மறைந்து, தலைகீழாக ரோலின் முகம் வந்தது. அதைச் சுற்றி ஆறு அமெரிக்க முகங்கள். "மிஸ்! யுவர் டாடி சேஸ் ஷிப்!" மணல் பறந்தது, துண்டு பறந்தது, படம் ஆடியது. வேனில் அமெரிக்கர்கள் நெருங்கி உட்கார்ந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள். அதில் ஒரு பாட்டி சங்கரியின் போனில் தெரிந்த முப்பிடாதியைப் பார்த்து, சேலை மிக அழகு என்றாள்.

"அவ என்ன சொல்லுதா?"

"சேலை நல்லாருக்குன்னு."

"பாத்தியா. நான் பழசக் கட்டிட்டு வந்திருந்தா?"

பதினொன்று இருபத்தேழுக்கு சங்கரி கப்பல் கேட்டுக்குள் நுழைந்தாள். நெற்றியில் மணலோடு கையாட்டினாள். படம் நின்றது.

மறுநாள் அவளுடைய குரல் செய்தி வந்தது. "அப்பா, நாலு மாசத்துல இப்படித் தூங்கினதே இல்ல. தாங்க்ஸ் அப்பா." சுடலைமணி அதை ஸ்டாண்டில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினார். பதினாலில் ஒரு இடம்தான் போக முடிந்தது என்பதைச் சொல்லாமல், திட்டம் நன்றாக வேலை செய்தது என்றார். முப்பிடாதி தெருவில் கேட்டவர்களிடமெல்லாம், நாசோ பரவாயில்லை, ஜனங்கள் நல்லவர்கள், ஆனால் சாப்பாடு சரியில்லை, நல்லவேளை நாங்கள் கட்டிக்கொண்டு போனோம் என்றாள்.

அடுத்த மாதம் சங்கரிக்கு இன்னொரு லீவு கிடைத்தது.

"எந்த ஊரு மோளே?" சுடலைமணி புது நோட்டு வாங்கி வைத்திருந்தார். "பேரு மட்டும் சொல்லு."

"கப்பல் போய்ச் சேரட்டும்ப்பா, சொல்றேன்."

"ஏதோ ஒரு ஊரு இருக்கும்லா?"

"டவர் கிடைக்கல அப்பா, வைக்கேன்."

அவர் கரீபியன் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு மூணு நாள் ஊகித்தார். ஜமைக்காவாக இருக்கலாம், இல்லை பக்கத்தில் ஏதாவது ஒரு சின்னத் தீவாக இருக்கலாம் என்று வசந்தியிடம் கேட்டுக் கேட்டுப் பார்த்தார். வசந்தி முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, "எனக்கென்ன தெரியும்" என்றாள். அவளுக்கு எந்த ஊர் என்று தெரியும், எத்தனை மணிக்கு என்றும் தெரியும்.