பேனல் அக்காவின் இஸ்திரி மேசை

"கை நின்னு போச்சு பாரு. மறுபடியும் முதல்லேருந்து சொல்லு" என்றார் பேனல் அக்கா, எதிரில் நின்ற இளைஞனின் முகத்தை ஏறிட்டும் பாராமல். அவருடைய பார்வை முழுவதும் இஸ்திரிப் பெட்டியின் மேல் இருந்தது. இளைஞன் தன் வெள்ளைச் சட்டையின் கைப்பகுதியைத் தேய்த்துக்கொண்டே, கல்லூரி விழா ஒன்றில் ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கிய வரலாற்றை மூன்றாம் முறையாகத் தொடங்கினான். 'தலைமை' என்ற சொல் வந்த இடத்தில் பெட்டி மறுபடியும் நின்றது.

"அந்தக் குழுவுல எத்தனை பேரு?"

"அஞ்சு பேருக்கா."

"நிஜமா வேலை பாத்தது?"

"நானும் இன்னொருத்தனும்தான்கா. மீதி மூணு பேரைத் தட்டி எழுப்பிக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிடுச்சு."

பெட்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. "இப்ப எப்படிப் போகுது பாத்தியா! இதைச் சொல்லு, போதும். தலைமையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். அடுத்த ஆளு வரலாம்."

நிர்வாகவியல் கல்லூரி விடுதியின் தரைத்தளத்தில், துணி துவைக்கும் இயந்திரங்களுக்கும் சைக்கிள் நிறுத்துமிடத்துக்கும் நடுவே இருந்த சிறிய அறை அது. நீள மேசை ஒன்று, இஸ்திரிப் பெட்டிகள் இரண்டு. அவற்றில் ஒன்றின்மேல் 'பழுது' என்று எழுதி ஒட்டியிருந்த காகிதம், இரண்டு அணி மாணவர்கள் படித்து முடித்துப் போன பிறகும் நிறம் மங்கி அங்கேயே இருந்தது. வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனத்தார் குழுவுக்குக் கல்லூரியில் 'பேனல்' என்று பெயர். அந்தப் பேனலுக்கு முன்னால் போய் உட்காரும் முன், மாலை ஆறு மணிக்கு இந்த மேசைக்கு வந்து நின்றுவிட்டுப் போவது மாணவர்களின் வழக்கமாகிவிட்டதால், அக்காவுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கு வயது முப்பத்தெட்டு என்று விடுதியில் சொல்லிக்கொள்வார்கள். சான்றிதழின்படி முப்பத்தாறு. மற்றவர்கள் எல்லோரும் இருபத்திரண்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்டவர்கள்.

விதிகள் எளியவை. வருகிறவர் கசங்கிய சட்டை ஒன்றைக் கொண்டுவர வேண்டும். தேய்த்துக்கொண்டே பதில் சொல்ல வேண்டும். கை நின்றால், பதில் மனப்பாடம் அல்லது ஊதிப் பெருக்கியது. கை பறந்தால், பயம். கருகல் வாசனை வந்தால், முழுப் பொய். நான்கு மாதங்களில் ஏழு சட்டைகள் கருகின. ஆறு பேர் தம் பொய்யை அங்கேயே ஒப்புக்கொண்டனர். ஏழாவது ஆள் மட்டும் குற்றம் துணியின்மேல் என்று கடைசிவரை சாதித்தான். அந்தச் சந்தேகத்தின் பலனை அக்கா அவனுக்கே கொடுத்துவிட்டார்.

இந்த முறையை அவர் எந்தப் பாடப்புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றின் பேக்கிங் பிரிவில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். கடைசி ஐந்து ஆண்டுகள் ஷிஃப்ட் மேற்பார்வையாளர். வரிசையில் நின்று பொட்டலங்களை அடுக்கியபடியே பெண்கள் பேசிக்கொள்ளும் பேச்சில் கலப்படம் இருக்காது என்பது அவர் கண்டறிந்தது. "கையும் வாயும் ஒண்ணா ஓடுறப்ப ஜோடிச்சுப் பேச வராது. சும்மா உக்காந்துட்டுப் பேசறவன்தான் கதை கட்டுவான்" என்பார். ஒரு முறை, புதிதாக வந்த இளம் மேலாளர் ஒருவர் வரைபடம் ஒன்றைக் காட்டி, ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை ஒரு பகல் முழுவதும் நிறுத்தி வைத்தார். அது தவறு என்று அக்கா சொன்னபோது, "நீங்க எங்க எம்.பி.ஏ. படிச்சீங்க?" என்று கேட்டார். அன்று மாலையே அக்கா நுழைவுத் தேர்வுக்கான விண்ணப்பத்தை வாங்கிவிட்டார்.

வந்த பிறகும் தொழிற்சாலை அவரை விடவில்லை. சாப்பாட்டை எட்டு நிமிடத்தில் முடித்துவிடுவார். வகுப்பு முடிந்து மணி அடித்தால், கையில் அழுக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் போய்க் கழுவிக்கொண்டு வருவார். நூலக மேசையில் யார் புத்தகங்களைக் கலைத்துப் போட்டிருந்தாலும், பேசிக்கொண்டே அவற்றைப் பெரியது கீழே, சிறியது மேலே என அடுக்கிவிடுவார். பேராசிரியர் ஒருவர் உற்பத்தியை இரட்டிப்பாக்கும் வழியைப் பலகை நிறைய எழுதி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது, கடைசி வரிசையிலிருந்து, "எல்லாம் சரிதான் சார். ஆனா அந்த மெஷின் ராத்திரியில தூங்கும் சார், மனுஷங்க மாதிரி. எண்ணெய் விடணுமில்ல?" என்று கேட்டது அவர் குரல்தான். பேராசிரியர் பலகையின் பாதியை அழித்துவிட்டுத் திரும்ப எழுதினார்.

இப்படிப்பட்டவரைப் பதினொரு நிறுவனங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டன.

உண்மையான பேனலுக்கு முன்னால் போனால் அக்கா வேறு ஆளாகிவிடுவார். கைகள் இரண்டும் மடியில் கோத்தபடி கிடக்கும். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்பார்கள். "பேக்கிங்ல இருந்தேங்க." சவால்கள் வந்திருக்குமே? "வந்துச்சுங்க." எப்படிச் சமாளித்தீர்கள்? "சமாளிச்சோங்க." ஆறாவது நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார்.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் அறைத்தோழி. அவளுக்கு 'ஸ்லைடு' என்று பெயர். எதைச் சொன்னாலும் திரையில் படம் காட்டுவதுபோல மூன்று குறிப்புகளாகப் பிரித்துத்தான் சொல்லுவாள்.

"அக்கா, மூணு பாயிண்ட். ஒண்ணு, நீங்க கைய மடியில வெச்சுக்கறீங்க. ரெண்டு, கை சும்மா இருந்தா உங்களுக்கு வாயும் சும்மா இருந்துடுது."

"மூணாவது?"

"மூணாவது இன்னும் யோசிக்கலக்கா. ஆனா மூணு இருக்கணும்."

"அதுக்கு நான் என்னடி பண்ணட்டும்? இஸ்திரிப் பெட்டியக் கூடவே தூக்கிட்டுப் போகட்டுமா?"

பன்னிரண்டாவதாக வந்தது குளிர்சாதனக் கிடங்குகள் நடத்தும் நிறுவனம். அந்த நிறுவனத்துக்கு அக்காவின் ஊரிலேயே ஒரு கிடங்கு இருந்தது. வீட்டு வாசலிலிருந்து கால்மணி நேர நடை. வீட்டில் பிஸ்கட் தொழிற்சாலையின் மெக்கானிக்கான கணவரும், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் இரண்டு ஆண்டுகளாகத் தொலைபேசியிலேயே அவரோடு குடித்தனம் நடத்தி வந்தனர். அதை விட்டால், வெள்ளிக்கிழமை வரவிருந்த பதின்மூன்றாவது நிறுவனம் ஒன்றுதான் மிச்சம். அது புதிதாகச் சேருகிறவர்களை முதல் இரண்டு ஆண்டுகள் வெகு தொலைவில் உள்ள கிளைக்கு அனுப்பிவிடும். வெள்ளிக்கிழமையோடு ஆள் எடுப்பும் முடிந்துவிடும்.

மகள் நேர்காணல்களைப் பரீட்சை என்றே நினைத்திருந்தாள். "அம்மா, இந்த வாரமும் ஃபெயிலா?" என்று திங்கட்கிழமை கேட்டாள்.

"ஆமாண்டி தங்கம்."

"பதினோரு தடவை ஃபெயிலானா எங்க மிஸ் மறுபடி அதே கிளாஸ்லயே உக்கார வெச்சுடுவாங்க. உன்னையும் வெச்சுடுவாங்களா?"

"வெச்சாலும் வெப்பாங்க."

"வேணாம்மா. நீ காப்பியாவது அடிச்சுப் பாஸ் பண்ணிட்டு வந்துடு." பின்னாலிருந்து அவள் அப்பா சிரிக்கும் சத்தமும், பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமும் சத்தமும் கேட்டன.

செவ்வாய்க்கிழமை கிடங்கு நிறுவனத்தின் நேர்காணலில் நடந்ததை அக்காவே இரண்டு முறை சொல்லியிருக்கிறார். இரண்டு முறையும் ஒரே மாதிரி சொன்னதால் அதை நம்பலாம்.

இரண்டாம் மாடிக் கண்ணாடி அறையில் பேனலாக இருவர் இருந்தனர். முன்நெற்றியில் நரைக்கற்றை விழுந்த மூத்த பெண் அதிகாரி ஒருவர். பக்கத்தில், ஆள் எடுக்க முதன்முதலாக வந்திருந்த இளைஞர் ஒருவர். அக்கா உள்ளே வந்து உட்கார்ந்ததுமே மூத்தவரின் கைப்பேசி ஒலித்தது. "நீங்க ஆரம்பிச்சுடுங்க, வந்துடறேன்" என்று இளைஞரிடம் சொல்லிவிட்டு அவர் வெளியே போனார். தனித்து விடப்பட்ட பதற்றத்தில் இளைஞர் காகிதக் கட்டை இழுக்க, நாற்பது மாணவர்களின் தன்விவரத் தாள்கள் அவர் பக்கமாகவே சரிந்து தரையெல்லாம் பரவின.

அவர் எழுந்திருக்கும் முன்னரே அக்கா மேசையைச் சுற்றிக்கொண்டு போய்த் தரையில் குந்திவிட்டார். அள்ளியெடுத்த தாள்களை மேசைமேல் வைத்து, அங்கே காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து வரிசை எண் பார்த்து அடுக்கத் தொடங்கினார். அது மூத்த அதிகாரியின் நாற்காலி.

இளைஞர் தொண்டையைச் செருமினார். "உங்ககிட்ட இருக்கற பெரிய பலவீனம் என்ன?"

"எடுத்த எடுப்புல அதைக் கேக்காதீங்க தம்பி. வந்தவங்க மிரண்டுடுவாங்க" என்றார் அக்கா, பதினேழாம் எண்ணைத் தேடியபடி. "முதல்ல தண்ணி குடிங்க. அப்புறம், என்ன வேலை பாத்தேன்னு கேளுங்க."

இளைஞர் தண்ணீர் குடித்தார். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார்.

அக்கா சொன்னார். அடைமழைக் காலத்தில் ஒரு நாள் அட்டைப்பெட்டிகளில் பசை பிடிக்காமல் போனதைச் சொன்னார். "லாரி வாசல்ல நிக்குது. பெட்டி வாயப் பொளந்துட்டு நிக்குது. பதினெட்டுப் பேரு என் மூஞ்சியப் பாக்கறாங்க. நான் என்ன பண்ணேன், ஒம்பது பேரை பாய்லர் ரூம் பக்கம் அனுப்பி அட்டையக் காய வைக்கச் சொன்னேன். மிச்ச ஒம்பது பேரு காஞ்சது காஞ்சதா ஒட்டினாங்க. மூணு மணிக்குக் கிளம்ப வேண்டிய லாரி நாலு மணிக்குக் கிளம்பிச்சு. ஒரு பெட்டிகூடத் திரும்பி வரல." யார் யாரோடு சேர்த்தால் வேலை ஓடும், யாரைப் பிரித்து வைத்தால் பேச்சு நின்று வேலை நடக்கும், புதிதாக வருகிறவளை முதல் வாரம் யார் பக்கத்தில் நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் சொன்னார். கைகள் அடுக்கிக்கொண்டே இருந்தன. வாயும் நிற்கவில்லை. இருபத்தைந்து நிமிடங்கள் ஓடின. நாற்பதாவது தாளும் வந்து சேர்ந்ததும், கட்டை மேசையில் இரண்டு தட்டுத் தட்டிச் சமன்செய்து இளைஞரிடம் நீட்டினார்.

"நல்லாத்தான் கேட்டீங்க. கொஞ்சம் அவசரம், அவ்வளவுதான், போகப் போகச் சரியாயிடும். நீங்க போலாம். வெளியில அடுத்து யாரு இருக்காங்களோ வரச் சொல்லுங்க."

"சரிங்க மேடம், ரொம்ப நன்றி" என்றார் இளைஞர். எழுந்தார். நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளினார். கதவுவரை போய்விட்டார்.

கதவைத் திறந்தபோது அங்கே மூத்த அதிகாரி, பேசி முடித்த கைப்பேசியோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்பது தெரியவில்லை. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

"என் பேனா அங்க இருக்கு. எடுத்துக்கலாமா?" என்று அதிகாரி பணிவாகக் கேட்டார்.

அக்கா எழுந்து நாற்காலியைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, வந்த வழியே வெளியேறினார்.

செய்தி மதியச் சாப்பாட்டுக்கு முன்பே விடுதியெங்கும் பரவிவிட்டது. "அக்கா, அந்த ஆளுக்கு வேலை குடுத்தீங்களா இல்லையா?" என்று சாப்பாட்டு வரிசையில் நின்றவர்கள் கேட்டார்கள். அக்காவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். ஆனால் அன்று அவர் சாப்பிட்டு முடிக்க இருபது நிமிடம் ஆனதை ஸ்லைடு மட்டும் கவனித்தாள். புதன்கிழமை ஒரு தகவலும் இல்லை. அன்றைய தொலைபேசிப் பேச்சில், ரிசல்ட் வந்ததா என்று மகள் கேட்டபோது, "பேப்பர் திருத்திட்டு இருக்காங்க" என்று சொல்லி வைத்தார்.

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு இஸ்திரி அறையில் வேறு யாரும் இல்லை. மறுநாள் பதின்மூன்றாவது நிறுவனத்துக்காகத் தன் நீலச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார் அக்கா. அன்று பேனல் ஸ்லைடு. வழக்கமாக அக்கா நிற்கும் இடத்தில் கைகட்டி நின்றாள்.

"சொல்லுங்க. எங்க கம்பெனியில சேரணும்னு ஏன் ஆசைப்படறீங்க?"

பெட்டி நின்றது.

"கை நின்னு போச்சு பாருங்கக்கா."

"தெரியுதுடி. வேற கேள்வி கேளு."

அடுத்த கேள்விக்கு முன் வேலைவாய்ப்புப் பிரிவின் எழுத்தர் கதவருகே வந்து நின்றார். தீயணைப்புப் பயிற்சி ஆனாலும் தேர்வு முடிவு ஆனாலும் ஒரே குரலில் அறிவிப்பவர் அவர். கையிலிருந்த தாளைப் பார்த்துப் படித்தார். குளிர்சாதனக் கிடங்கு நிறுவனம். தேர்வு செய்யப்பட்டவர் ஒருவர். பணி, ஆள் எடுப்பதும் பயிற்சி கொடுப்பதும். இடம், அக்காவின் ஊர்க் கிடங்கு. சேர வேண்டிய நாள், அடுத்த மாதம் முதல் தேதி.

"கீழ கையால ஒரு வரி எழுதியிருக்காங்க, அதையும் படிக்கணுமா?" என்று கேட்டு, அவரே படித்தார். "'இந்த முறை அவருக்கென்று தனியாக ஒரு நாற்காலி போட்டு வைக்கிறோம்.'"

ஸ்லைடு கைதட்டிக் குதித்தாள். அக்கா தலையை நிமிர்த்தவில்லை.

"அப்படியா. சரி" என்றார்.

"என்னக்கா, சரிங்கறீங்க! சந்தோஷமா இல்லையா?"

"இதுல என்னடி இருக்கு? பன்னெண்டு தடவை போனா ஒண்ணாவது கிடைக்கத்தானே செய்யும். கிடைக்கும்னு எனக்கு அப்பவே தெரியும். பெருசா ஒண்ணும் தோணல."

எழுத்தர்தான் முதலில் மூக்கைச் சுளித்தார். பிறகு ஸ்லைடும் மேசையைப் பார்த்தாள். சட்டைப் பையின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்த பெட்டியின் ஓரத்திலிருந்து மெல்லிய புகை எழும்பிக்கொண்டிருந்தது.

அக்கா பெட்டியைத் தூக்கி நிறுத்தினார். சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார். பையின்மேல் முக்கோணமாய்ப் பழுப்பேறியிருந்த அந்த நீலச் சட்டையை, சூடு ஆறும்வரைகூடப் பொறுக்காமல், இரண்டு கைகளாலும் வாரியெடுத்து அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.